இரண்டு நாள் தம்பதியர் வகுப்பின் பலன் இரண்டு வருடம் கழித்தும் நிற்குமா?

கல்யாணமாகி நான்கு வருடம், பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை, ஆனால் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. தோழி ஒருத்தி தம்பதியருக்கான இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுகிறாள். வீட்டுக்காரரோ "போய்ட்டு வந்தா ஒரு மாசம் நல்லாத்தான் இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரு கத்தோலிக்கப் பங்கில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்புகளுக்கு ஏழெட்டு வருடமாக உதவிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சர்ச்சில் கல்யாணம் என்றால் ஜோடி அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும், தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, இதில் எவ்வளவு இவர்களோடு போகும் என்ற கேள்வி எனக்கு வரும். அந்தக் கேள்விதான் என்னை ஆய்வுகளைத் தேடிப் படிக்க வைத்தது. பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, ஏனென்றால் இதற்காக அரசாங்கப் பணத்தையே கொட்டி, குலுக்கல் முறையில் ஜோடிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு வகுப்பு, பாதிப் பேருக்கு இல்லை என்று வைத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தது அங்கேதான்.

இந்த வகுப்புகளில் அதிகம் ஆராயப்பட்ட ஒன்று பிரெப் என்பது. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி இருவரும் சேர்ந்து வளர்த்தது. அதில் ஒரு பயிற்சி உண்டு. தரையில் பதிக்கும் ஓடு மாதிரி ஒரு துண்டைக் கொடுப்பார்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், அதுவும் இரண்டு மூன்று வாக்கியம் மட்டும். கேட்டவர் பதில் சொல்லக்கூடாது, சமாதானம் சொல்லக்கூடாது, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் "ஆமாம், அதுதான்" என்று சொன்ன பிறகுதான் ஓடு கை மாறும்.

கேட்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது இல்லையா? நாங்கள் ஓட்டுக்குப் பதில் கைக்குட்டை வைத்துச் செய்கிறோம். ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்த ஒரு பெண் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாண வேலை எல்லாத்துக்கும் நீங்க உங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எனக்குச் சொல்றீங்க, எனக்கு அது ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பையன் உடனே, "எங்க அக்காவை உனக்குப் பிடிக்கலைன்னு சொல்ற" என்றான். அவள் தலையை ஆட்டினாள், "அதில்லை." அவன் மறுபடி, "அக்காகிட்ட கேக்கக்கூடாதுன்னு சொல்ற." அதுவும் இல்லை. நாலாவது தடவைதான் அவன் வாயிலிருந்து "கேக்கிற வரிசையில நீ கடைசியா இருக்கிற மாதிரி உனக்குத் தோணுது" என்று வந்தது. அந்தப் பெண் கைக்குட்டையை அவன் கையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டால் இது வேலை செய்கிறது என்று சத்தியமே செய்துவிடலாம் போலத் தோன்றும். சரி, அந்த ஐந்து நிமிடம் ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கும்?

முதலில் மொத்தக் கணக்கு. 2008-இல் ஆலன் ஹாக்கின்ஸும் அவர் குழுவும் அதுவரை வந்திருந்த 86 ஆய்வறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உறவின் தரத்தில் வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 0.3, பேசும் திறமையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இந்த எண்களைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, அதனால் இப்படிச் சொல்கிறேன்: நூறு ஜோடிகளை மனநிறைவுப்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் ஐம்பதாவதாக நிற்கும் ஜோடி அறுபது அறுபத்திரண்டாவது இடத்துக்கு வருகிறது. பெரிய மாற்றம் இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010-இல் கல்யாணத்துக்கு முந்தைய வகுப்புகளை மட்டும் தனியாகப் பிரித்து, பிரசுரமாகாமல் கிடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பேச்சுத்திறமை கூடியது நின்றது, உறவின் தரத்தில் பலன் காணாமல் போனது. அதைப் படித்த அன்று எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது: கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு யாரிடம் கேட்டாலும் "ரொம்ப சந்தோஷமாக இருக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள். ஏற்கெனவே உச்சியில் நிற்பவரை எந்த வகுப்பு இன்னும் மேலே ஏற்றும்?

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாணமான முதல் சில வருடங்களில், சராசரியாகப் பார்த்தால், மனநிறைவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நீங்கள் சொல்லும் பேச்சுக் குறைவும் அதில் சேர்ந்ததாகத்தான் இருக்கும், உங்கள் வீட்டில் மட்டும் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகவே வகுப்பின் பலனைத் தேடும்போது "முன்பைவிட ஏறியதா" என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். போகாதவர்கள் இறங்கிய அளவுக்கு இவர்களும் இறங்கினார்களா என்றுதான் பார்க்கவேண்டும். இது வீட்டுக்குள் இருந்து பார்த்தால் தெரியாது. போகாமல் இருந்திருந்தால் நாம் எங்கே இருந்திருப்போம் என்பதை யார் பார்த்தது?

இதை அழகாகக் காட்டிய ஒரு ஆய்வு 2013-இல் வந்தது, எலி ஃபிங்கல் குழுவினருடையது. சிகாகோ பகுதியில் 120 தம்பதிகள், இரண்டு வருடம். முதல் வருடம் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, எல்லாருக்கும் உறவின் தரம் இறங்கியது. இரண்டாவது வருடம் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு சின்ன வேலை: நான்கு மாதத்துக்கு ஒரு முறை, ஏழு நிமிடம், சமீபத்தில் நடந்த ஒரு சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் ஒரு மூன்றாவது ஆள் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று எழுதவேண்டும். வருடத்துக்கு மொத்தம் 21 நிமிடம். எழுதாதவர்கள் தொடர்ந்து இறங்கினார்கள், எழுதியவர்களுக்கு இறக்கம் நின்றுவிட்டது. அவர்கள் சண்டை போடுவது குறையவில்லை, சண்டையால் வரும் மனக்கசப்புதான் குறைந்தது.

இனி அரசாங்கம் செலவழித்த கதை. 1999-இலேயே ஓக்லஹோமா மாநிலம், விவாகரத்தைக் குறைக்கிறோம் என்று, ஏழைக் குடும்பங்களுக்கான நலநிதியிலிருந்து ஒரு கோடி டாலரை இதற்கென்று ஒதுக்கியது. அப்புறம் ஜார்ஜ் புஷ் காலத்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாடு முழுக்க வருடம் 15 கோடி டாலர், அதில் 5 கோடி வரை தந்தையருக்கான திட்டங்களுக்கு. இந்தச் சமயத்தில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன.

ஒன்று, கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்ற, அல்லது பெறப்போகிற ஜோடிகளுக்கு. எட்டு இடங்களில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள், ஒரு ஜோடிக்குச் சராசரியாக 11,000 டாலர் செலவு. பதினைந்து மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பலன் பூஜ்யம். மூன்று வருடம் கழித்தும் அப்படியே. சராசரி பூஜ்யம் என்பதால் எல்லா இடத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஓக்லஹோமாவில் உறவு மேம்பட்டது, மூன்று வருடம் கழித்தும் அங்கே 49 சதவீதக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து அப்பா அம்மா இருவரோடும் வாழ்ந்துவந்தார்கள், வகுப்பு இல்லாத குழுவில் அது 41 சதவீதம். பால்டிமோரிலோ நேர்மாறு: பதினைந்து மாதத்தில் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் ஜோடியாக இருந்தார்கள், ஒதுக்கப்படாதவர்களில் 70 சதவீதம். அந்தப் பாதிப்பு பிறகு மங்கிப்போனது. ஓக்லஹோமாவில் மட்டும் ஏன் நன்றாக நடந்தது என்று பார்த்தால் எனக்குக் கண்ணில் படுவது வருகைதான். அங்கே 45 சதவீத ஜோடிகள் பாடத்தில் ஐந்தில் நாலு பங்கையாவது முடித்தார்கள். மற்ற இடங்களில் பத்து சதவீதம்கூட இல்லை. குழந்தை, ஷிஃப்ட் வேலை, பஸ் இல்லை, இதையெல்லாம் தாண்டி வாரா வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வருவது லேசான காரியமா? பால்டிமோரில் வந்து சேர்ந்த ஜோடிகள் ஆரம்பத்திலேயே ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது; சிலருக்கு உட்கார்ந்து பேசிப் பார்த்ததே பிரிவதற்கு வழி காட்டியிருக்கலாம், எல்லாப் பிரிவும் தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு சோதனை, உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது: வருமானம் குறைந்த, கல்யாணமான 6,298 தம்பதிகள், எட்டு ஊர்கள், ஒரு வருடம் நீண்ட திட்டம். பன்னிரண்டு மாதத்தில் பார்த்தபோது சந்தோஷம், பரிவு, ஒருவருக்கொருவர் ஆதரவு, எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் சின்ன வித்தியாசம், நான் சொன்ன வரிசையில் ஐம்பதாவது ஆள் ஐம்பத்துநான்கு, ஐம்பத்தைந்துக்கு வந்த மாதிரி. சேர்ந்து வாழ்பவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை, பிள்ளைகளிடமும் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியவில்லை. முப்பதாவது மாதம் மறுபடி பார்த்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் கணக்குப்படி அதற்குள் எல்லாம் கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. முதல் வருடம் எவ்வளவு இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. ஒரு வருடம் விடாமல் தொடர்ந்த திட்டம் அது, இரண்டு நாள் வகுப்பு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்லவேண்டும்.

அமெரிக்க ராணுவத்தில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ், அதனால்தான் எனக்கு அது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஃபோர்ட் கேம்பல் என்ற தளத்தில் 476 தம்பதிகள். ராணுவத்துக் குருமார்களே பிரெப் வகுப்பை நடத்தினார்கள். ஒரு வருடம் கழித்து விவாகரத்து வகுப்புக்குப் போனவர்களில் 2 சதவீதம், போகாதவர்களில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு வருடத்தில் அது 8.1, 14.9 என்று ஆனது, அதாவது ஏறக்குறைய பாதி. ஆனால் மனநிறைவில் ஆரம்பத்தில் தெரிந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை! சந்தோஷம் கூடாமல் விவாகரத்து மட்டும் எப்படிக் குறையும்? என் புரிதல் இது: சாதாரண நாட்களில் வகுப்பு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஆனால் "போதும், இனி முடியாது" என்று வாய் வரைக்கும் வரும் அந்த ஓரிரண்டு ராத்திரிகளில் கைகொடுக்கிறது. போர்முனைக்குப் போய் வரும் குடும்பங்களில் அந்த மாதிரி ராத்திரிகள் அதிகம். இன்னொரு தளத்தில் இதே வகுப்பை நடத்தியபோது விவாகரத்தில் இந்த வித்தியாசம் வரவில்லை. அங்கே இருந்த தம்பதிகள் அவ்வளவு ஆபத்தில் இருந்தவர்கள் இல்லை.

ஆபத்தில் இருப்பவர்களுக்குத்தான் பலன் என்பது மறுபடி மறுபடி வருகிறது. ஆஸ்திரேலியாவில் கிம் ஹால்ஃபர்டு குழுவினர் நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். பெற்றோர் பிரிந்த வீட்டிலோ அப்பா கைநீட்டும் வீட்டிலோ வளர்ந்தவர்கள் இருந்த ஜோடிகளுக்கு வகுப்பு மனநிறைவைக் காப்பாற்றிக் கொடுத்தது. அப்படி எந்தச் சிக்கலும் இல்லாத ஜோடிகளுக்கு உதவவில்லை, கொஞ்சம் குறையவே செய்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் தோண்டினால் அப்படித்தான் ஆகும். மயாமி பல்கலைக்கழகத்தின் பிரையன் டாஸ் இணையவழியில் ஒரு திட்டம் செய்தார், ஏற்கெனவே கஷ்டத்தில் இருந்த 300 தம்பதிகள், அவரவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில், நடுவில் சில குறுகிய போன் அழைப்புகள், அவ்வளவுதான். 2016-இல் வந்த முடிவில் மனநிறைவின் வித்தியாசம் 0.69, ஐம்பதாவது ஜோடி எழுபத்தைந்துக்கு வந்த மாதிரி. ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் தங்கியது. வலி இருக்கிறவர்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார்.

அப்புறம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ரான் ராகி, தாமஸ் பிராட்பரி குழுவினரின் 2013 ஆய்வு. புதிதாகக் கல்யாணமான, அல்லது ஆகப்போகிற 174 ஜோடிகள். ஒரு குழுவுக்குப் பிரெப், இன்னொரு குழுவுக்குப் பரிவையும் ஏற்றுக்கொள்வதையும் மையமாக வைத்த வேறொரு பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு ஒரு மாத காலம், வாரம் ஒரு சினிமா. கணவன் மனைவி கதையுள்ள படத்தைச் சேர்ந்து பார்த்துவிட்டு, கொடுத்திருக்கும் கேள்விகளை வைத்து முக்கால் மணி நேரம் "நாம் இதில் எப்படி?" என்று பேசவேண்டும். நான்காவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடம் கழித்து, ஒன்றும் செய்யாதவர்களில் 24 சதவீதம் பிரிந்திருந்தார்கள், மற்ற மூன்று குழுவிலும் சுமார் 11 சதவீதம். படம் பார்த்தவர்களுக்கும் அதே பலன்! சின்ன ஆய்வுதான், இதை வைத்து ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் பேசும் முறையைச் சொல்லிக்கொடுப்பதுதான் முக்கியம் என்று நம்பிக்கொண்டிருந்த என்னை இது அசைத்துவிட்டது. மூன்றாண்டுகள் கழித்து அதே பிராட்பரி, லாவ்னர், கார்னி மூவரும் லாஸ் ஏஞ்சலஸில் 431 இளம் தம்பதிகளைப் பின்தொடர்ந்து எழுதியதும் இதே பக்கம்தான் போகிறது: நன்றாகப் பேசுவதால் பின்னால் சந்தோஷம் வருகிறது என்பதைவிட, சந்தோஷமாக இருப்பதால் பின்னால் நன்றாகப் பேசுகிறார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருந்தது.

அந்தக் கைக்குட்டை ஜோடியை இரண்டு வருடம் கழித்து ஒரு திருவிழாவில் பார்த்தேன், இடுப்பில் குழந்தை. கைக்குட்டை வைத்துப் பேசுகிறீர்களா என்று ஆசையோடு கேட்டேன். "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடச் செய்யலைங்க" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அந்த வாரம் என்ன குறை, என்ன நிறை என்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். ஒரு ஜோடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எந்த முறையில் பேசுகிறோம் என்பதைவிட, பேசுவதற்கென்று ஒரு நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறோமா என்பதில்தான் வகுப்பின் பலன் தங்குகிறது என்று நான் இப்போது நம்புகிறேன்.

நேரம் கிடைக்காத வீட்டுக்கு இது எப்படி? அங்கேதான் எனக்கு அந்த அரசாங்கத் திட்டங்கள் மேல் கோபமே வருகிறது. இரண்டு வேலை பார்த்து, வாடகைக்கும் வைத்தியத்துக்கும் ஓடுகிறவர்களிடம் "உங்களுக்குப் பேசத் தெரியவில்லை, வாருங்கள் கற்றுத்தருகிறோம்" என்று சொல்வதில் ஒரு தப்பு இருக்கிறது. அவர்களுக்குப் பேசத் தெரியும், பேச நேரமில்லை.

மங்கிப்போவதைத் தடுக்க முடியுமா என்றால், முடியும். கிளார்க் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கார்டோவா, பல் டாக்டரிடம் போகிற மாதிரி வருடத்துக்கு ஒரு முறை திருமணத்துக்கும் ஒரு செக்கப் என்று வைத்தார். 215 தம்பதிகள், இரண்டு வருடம். வந்தவுடன் நெருக்கமும் மனநிறைவும் கூடின, மாதங்கள் போகப் போக இறங்கின, அடுத்த வருடச் செக்கப்பில் மறுபடி ஏறின. இரண்டு வருட முடிவில் செக்கப் போகாதவர்களைவிட இவர்கள் மேலேதான் இருந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன "ஒரு மாசம்" இதில் அப்படியே தெரிகிறது பாருங்கள். கோட்டை விட்டது ஒரே இடத்தில்தான், மறுபடி போனால் மறுபடி ஏறும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால் போய்விட்டு வாருங்கள். நான்கு வருடத்தில் பேச்சு குறைவது சும்மா விடவேண்டிய விஷயமும் இல்லை, பயப்படவேண்டிய விஷயமும் இல்லை. வகுப்பால் பலன் பெறக்கூடிய கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். இரண்டு நாளில் வாழ்க்கையே மாறும் என்று நடத்துகிறவர்கள் சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து மறு வகுப்பு உண்டா, கூட்டமாக உட்கார்ந்து கேட்பதோடு சரியா அல்லது ஜோடியாக உட்கார்ந்து செய்து பார்க்க நேரம் தருவார்களா, ஒருவர் சொந்தக் கதையைக் கூட்டத்தில் சொல்லியே ஆகவேண்டுமா. மூன்றாவதற்கு ஆமாம் என்றால் உங்கள் வீட்டுக்காரர் வரமாட்டார், வராமல் இருப்பதில் நியாயமும் உண்டு. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது வீட்டில் அடி உதை இருந்தால், தயவுசெய்து இந்த மாதிரி ஜோடி வகுப்புக்குப் போகாதீர்கள், அங்கே மனம்விட்டுச் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும், முதலில் அதற்குப் பேசுங்கள்.

வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்றால் அந்த ஏழு நிமிடத்தை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஆளுக்கொரு தாள், கடைசியாக வந்த மனஸ்தாபம் ஒன்று, இருவருக்கும் வேண்டப்பட்ட ஒருவர், உங்கள் பெரியம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள். சண்டையின் நடுவில் அந்தப் பெரியம்மாவை நினைத்துப் பார்க்க எது தடுக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த நான்கு மாதத்தில் எப்படி நினைவில் வைப்பது என்றும் இரண்டு வரி. எழுதியதைக் காட்டவேண்டும் என்றுகூட இல்லை. நான்கு மாதம் கழித்து மறுபடி எழுதவேண்டிய தேதியை மட்டும் இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.